முலாம் பூச்சு: பினாங்கு மாநிலம் பிறையில் உள்ள எங்கள் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைப்பூசத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே எங்கள் பட்டறைக்கு வேல்களும் காவடிச் சட்டங்களும் வரத் தொடங்கிவிடும். மற்ற மாதங்களில் இயந்திர உதிரிப்பாகங்கள், பழைய மோட்டார்சைக்கிள் உறுப்புகள், எப்போதாவது யாரோ ஒருவருடைய பாட்டியின் குத்துவிளக்கு. பொருளைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்புகிறவர்கள் குறைவு. பெரும்பாலோர் தொட்டியை எட்டிப்பார்த்து ஏதாவது கேட்டுவிட்டுத்தான் போவார்கள். பட்டறை தொடங்குமுன் பினாங்கின் தொழிற்பேட்டையான பாயான் லெப்பாஸில் சர்க்யூட் போர்டுகளுக்கு முலாம் பூசும் வரிசையில் 19 ஆண்டுகள் நின்றவன் நான். அதனால் கல்லூரி மாணவர்களும் வருகிறார்கள். சொன்னதையே சொல்லி அலுத்துவிட்டது, எழுதிவைத்துவிட்டேன்.

முலாம் பூசுவது என்றால் அந்தக் காலத்தில் பாத்திரத்துக்கு ஈயம் பூசியது போலத்தானே?

பார்வைக்கு அப்படித்தான். ஈயம் பூசுகிறவர் பித்தளை அண்டாவைத் தணலில் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, உருகிய வெள்ளீயத்தைப் பஞ்சால் தேய்த்துப் பரப்புவார். அங்கே பூசப்படுவது முதலிலிருந்தே உலோகம். உருகிப் பரவுகிறது, அவ்வளவுதான். எங்கள் தொட்டியிலோ உலோகம் உப்பாகக் கரைந்து கிடக்கிறது. நிக்கல் தொட்டி பச்சை, செம்புத் தொட்டி நீலம். அந்தக் கரைசலில் உள்ள அயனிக்கு, அதாவது எலக்ட்ரானை இழந்து நிற்கும் உலோக அணுவுக்கு, எலக்ட்ரான் கிடைத்தால் அது மறுபடியும் உலோகமாகிப் பொருளின்மேல் படியும்.

எலக்ட்ரானை யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும். நேர்மின்னோட்டம் தரும் கருவியான ரெக்டிஃபையர் கொடுத்தால் மின்முலாம். கரைசலிலேயே உள்ள இன்னொரு வேதிப்பொருள் கொடுத்தால் வேதிமுலாம். பூசப்படும் பொருளே கரைந்து கொடுத்தால் இடமாற்று முலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஈயம் பூசியவர் எங்களுக்கு மூத்தவர். நவச்சாரம் தூவியதும் எழும் வெண்புகையை எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள். அந்த நொடியில்தான் பித்தளைமேல் இருக்கும் ஆக்ஸைடு படலம் கழன்று வெற்று உலோகம் வெளியே வருகிறது. அது நடக்காவிட்டால் ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடிவிடும்.

இரும்பு ஆணியை மயில்துத்தக் கரைசலில் முக்கினால் செம்பு ஒட்டிக்கொள்கிறதே. மின்சாரம் எதற்கு?

பள்ளியில் செய்த அந்த ஆணியை விரலால் தேய்த்துப் பாருங்கள். செம்பு சேறு போல வழிந்துவிடும். இரும்பு கரைந்து தன் எலக்ட்ரானைக் கொடுக்க, செம்பு அந்த இடத்தில் உட்காருகிறது. ஒட்டிக்கொள்ள வேண்டிய தரையே கரைந்துகொண்டிருக்கும்போது பிடிப்பு எங்கிருந்து வரும்? மேலே செம்பு மூடிக்கொண்டால் இரும்பு கரைய வழியில்லை; வினையும் நின்றுவிடும். ஆகவே இந்த வழியில் தடிப்பான பூச்சு கிடைக்காது.

ஆனால் மெல்லிய பூச்சே போதும் என்ற இடத்தில் இதே வினை ராஜாவாக இருக்கிறது. சர்க்யூட் போர்டில் நிக்கல்மேல் பூசும் தங்கம் இப்படித்தான் ஏறுகிறது. அங்கே தங்கத்தின் தடிப்பு 0.05 முதல் 0.1 மைக்ரான்தான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

எவ்வளவு நேரம் தொட்டியில் வைக்க வேண்டும்? கைக்கணக்கா?

கைக்கணக்கு இல்லை. மைக்கேல் ஃபாரடே 1830களிலேயே கணக்கைச் சொல்லிவிட்டார்: படியும் உலோகத்தின் எடை, செலுத்திய மின்னூட்டத்தின் அளவைப் பொறுத்தது. ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடினால் நிக்கல் 1.095 கிராம், செம்பு 1.186 கிராம், வெள்ளி 4.025 கிராம் படிய வேண்டும்.

500 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு வேலுக்கு 10 மைக்ரான் நிக்கல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கன அளவு அரை கன சென்டிமீட்டர். நிக்கலின் அடர்த்தி 8.9, ஆகவே எடை ஏறக்குறைய 4.45 கிராம். அதற்கு 4.06 ஆம்பியர்-மணி. 15 ஆம்பியரில் ஓட்டினால் பதினாறு நிமிடம். கொஞ்சம் மின்சாரம் ஹைட்ரஜன் குமிழியாக வீணாகும் என்பதால் பதினேழு என்று வையுங்கள்.

குரோமியத்தில் இந்தக் கணக்கு வலிக்கும். பழைய முறையான ஆறிணைதிறன் குரோமியக் கரைசலில் ஓர் அணுவுக்கு ஆறு எலக்ட்ரான் வேண்டும். அதற்கும் மேலாக, கொடுத்த மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் உலோகமாவதில்லை. மீதி எல்லாம் குமிழியும் புகையும்.

இன்னொன்று: கணக்கு சொல்வது சராசரித் தடிப்பை. வேலின் கூர்முனையில் மின்னோட்டம் குவியும், அடிப்பள்ளத்தில் மெலியும். முனையில் 25 மைக்ரானும் பள்ளத்தில் 3 மைக்ரானும் இருந்தாலும் முழுப்பரப்புக்கும் சராசரி பத்தாகவே வரலாம். முதலில் துருப்பிடிப்பது அந்தப் பள்ளம்.

பூசி ஆறு மாதத்தில் முலாம் உரிந்துவிட்டது. கரைசல் மட்டமா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். கோபத்தோடு வருவதும் இதுதான். கரைசல் மட்டமாக இருந்தால் பூச்சு மங்கும், கருகும், புள்ளி விழும். தோல் போல உரிந்து வந்தால் பெரும்பாலும் குற்றவாளி கழுவும் தொட்டி.

நான் வேலை பார்த்த தொழிற்சாலை ஒன்றில் ஒரு மாலைப்பொழுது ஒரு ரேக் (பொருள்களைத் தொங்கவிடும் சட்டம்) முழுக்கப் பித்தளைத் தகடுகள் வெளியே வந்தன. கண்ணாடி போல மின்னின. அடுப்பில் சோதனைக்குச் சூடாக்கியதும் ஒரு தகட்டின் ஓரத்தில் நிக்கல் கொப்புளித்தது. கொப்புளத்தின் விளிம்பைக் கத்தியால் நெம்பி உரித்தேன். உள்ளே பித்தளைமேல் ஒரு கட்டைவிரல் ரேகை, பதிவேட்டில் வைத்த கைநாட்டு போல, வளையம் வளையமாக அப்படியே இருந்தது. உரிந்த நிக்கலின் அடிப்பக்கத்திலும் அதே ரேகை, தலைகீழாக. பக்கத்தில் நின்ற பையன் தன் கையுறையைக் கழற்றிப் பார்த்தான். கட்டைவிரல் நுனியில் கிழிசல். "அண்ணே, என் விரல்தான்" என்றான். நல்ல பையன். மறைக்கவில்லை.

விரலில் இருக்கும் எண்ணெய் எத்தனை மெல்லியது! ஆனால் அயனிக்கு அது சுவர். அதன்மேல் நிக்கல் பாலம் போட்டுக் கடந்துவிடும், கீழே பிடிப்பிருக்காது. சூடாக்கினால் பாலம் தூக்கிக்கொள்ளும்.

இதற்குக் கருவி எதுவும் வேண்டாத ஒரு சோதனை உண்டு. காரக் கரைசலில் எண்ணெய் நீக்கிய பொருளைச் சுத்த நீரில் முக்கி எடுத்துச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் முழுப்பரப்பிலும் ஒரே படலமாக நின்றால் சுத்தம். தாமரை இலைமேல் போல எங்காவது பிரிந்து ஒதுங்கினால் அங்கே எண்ணெய் இருக்கிறது, மறுபடியும் முதலிலிருந்து. அடுத்து, ஆக்ஸைடு படலம் போக நீர்த்த அமிலத்தில் சில வினாடி. பின் கழுவல், உடனே முலாம். இடையில் டீ குடிக்கப் போகக் கூடாது. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் ஐந்து நிமிடம் காய்ந்த இரும்பே நிறம் மாறிவிடும்.

கழுவக் குழாய்த் தண்ணீர் போதாதா?

எண்ணெய் நீக்கியபின் முதல் கழுவலுக்குப் போதும். கரைசல் தயாரிக்கவும் கடைசிக் கழுவலுக்கும் அயனி நீக்கிய நீர்தான். குழாய் நீரில் குளோரைடு உண்டு. அமிலச் செம்புக் கரைசலில் குளோரைடு லிட்டருக்கு 50 முதல் 80 மில்லிகிராம் வரை இருக்கவே வேண்டும். ஆனால் அளந்து சேர்க்க வேண்டும். தினமும் ஆவியாகிற அளவுக்குக் குழாய் நீரை ஊற்றிக்கொண்டே போனால் அது யாருக்கும் தெரியாமல் ஏறிக்கொண்டே போகும்.

கரைசல் சரியாக இருக்கிறதா என்று பூசுவதற்கு முன்பே தெரியுமா?

தெரியும். ரிச்சர்ட் ஹல் என்பவர் 1939இல் காப்புரிமை பெற்ற சிறிய தொட்டி ஒன்று இருக்கிறது, ஹல் செல் என்பார்கள். 267 மில்லிலிட்டர் பிடிக்கும். எதிர்மின்வாயாக, அதாவது முலாம் ஏறும் முனையாக, வைக்கும் தகடு அதில் சாய்வாக நிற்கும். அதனால் நேர்மின்வாய்க்கு அருகே உள்ள ஓரத்தில் மின்னோட்டம் அதிகம், தூர ஓரத்தில் குறைவு. ஐந்து அல்லது பத்து நிமிடம் ஓட்டி எடுத்தால் கிட்டத்தட்ட எல்லா மின்னோட்ட அடர்த்திகளின் விளைவும் ஒரே தகட்டில் வரிசையாகத் தெரியும். அருகு ஓரம் கருகியிருக்கிறதா, நடுவில் பளபளப்பு எவ்வளவு அகலம், தூர ஓரம் கறுக்கிறதா. நிக்கலில் அந்தத் தூர ஓரம் கறுத்தால் செம்போ துத்தநாகமோ கரைசலில் கலந்துவிட்டது என்று பழகிய கண் சொல்லிவிடும். வைத்தியர் நாடி பார்ப்பது போலத்தான். நல்ல பட்டறையா என்று அறிய விரும்புகிறவர் காட்சிக்கு வைத்த பொருளைப் பார்க்க வேண்டாம். ஹல் தகடுகளைக் காட்டச் சொல்லுங்கள்.

மின்சாரமே இல்லாமல் நிக்கல் ஏறும் என்கிறீர்கள். எப்படி?

ஹைப்போபாஸ்பைட் என்ற உப்பு நிக்கலுக்கு எலக்ட்ரானைக் கொடுக்கும் என்பது 1844இலேயே வூர்ட்ஸ் கண்டது. ஆனால் அது பொடியாகத்தான் விழுந்தது. நூறாண்டு கழித்து அமெரிக்காவில் பிரென்னரும் ரிடெலும் குழாயின் உட்புறத்தில் மின்முலாம் பூசிக்கொண்டிருந்தபோது கரைசலில் அந்த உப்பைச் சேர்த்தார்கள். படிந்த உலோகத்தின் எடை ஃபாரடே கணக்கைத் தாண்டிவிட்டது. கொடுத்த மின்சாரத்தைவிட அதிக உலோகம்! மின்சாரம் போகாத வெளிப்பக்கத்திலும் நிக்கல் ஏறியிருந்தது. 1946இல் அதை வெளியிட்டார்கள்.

இந்த வேதிமுலாமின் சூட்சுமம், படிந்த நிக்கலே அடுத்த நிக்கலுக்கு வினையூக்கியாக இருப்பது. ஏறத்தாழ 90 டிகிரி சூட்டில் மணிக்கு 15 மைக்ரான் அளவுக்கு வளரும். மரையின் பள்ளம், குழாயின் உள், மறுபக்கம் திறக்காத குருட்டுத் துளை எங்கும் ஒரே தடிப்பு. பூச்சில் கொஞ்சம் பாஸ்பரஸும் கலந்திருக்கும். அதனால்தான் கடினமும் துரு எதிர்ப்பும். கெடுதல் என்னவென்றால், கரைசலுக்குக் கோபம் வந்தால் தொட்டியின் சுவரிலும் சூடேற்றும் கம்பியிலும் நிக்கல் ஏறத் தொடங்கிவிடும். அதை நிறுத்த முடியாது. மொத்தத்தையும் வேறு தொட்டிக்கு இறைத்துவிட்டு, நைட்ரிக் அமிலத்தால் கழுவ வேண்டியதுதான். விலையும் மின்முலாமைவிட அதிகம். வேலுக்கு இது வேண்டாம்; பம்ப் உறுப்புக்கு வேண்டும்.

பிளாஸ்டிக்கில் உலோகம் எப்படி ஒட்டுகிறது?

எல்லாப் பிளாஸ்டிக்கிலும் எளிதில் ஒட்டாது. கார் முகப்பிலும் குழாய்த் தலையிலும் குரோமியம் போல மின்னுவது பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக். அதற்குள் பியூட்டாடையீன் ரப்பர் உருண்டைகள் நுண்ணியதாகச் சிதறிக் கிடக்கின்றன. குரோமிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்ந்த கரைசல் அந்த ரப்பரை மட்டும் அரித்துவிடும். பரப்பு இட்லித் தட்டு போலக் குழிகுழியாகிவிடும், கண்ணுக்குத் தெரியாத அளவில். பிறகு பல்லேடியமும் வெள்ளீயமும் கலந்த, கடுங்காப்பி நிறத் திரவத்தில் முக்கினால் குழிகளில் பல்லேடியத் துகள் உட்காரும். அதுதான் விதை. அதன்மேல் வேதிமுலாம், அதன்மேல் மின்முலாமாகச் செம்பு, நிக்கல், குரோமியம்.

இங்கும் பிடிப்பு முழுவதும் அடிப்பரப்பின் வேலை. ஆனால் அந்த அரிப்புக் கரைசலில் இருக்கும் ஆறிணைதிறன் குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது. நான் பட்டறையில் பிளாஸ்டிக் எடுப்பதில்லை. கேட்டால் இல்லை என்றே சொல்வேன்.

உலோகத்தைப் போல பாலிமரையும் மின்சாரத்தால் பூச முடியுமா?

முடியும். இரண்டு விதமாக, ஒன்றுக்கொன்று நேர்மாறான காரணத்தால்.

முதலாவது, மின்சாரம் கடத்தும் பாலிமர். பாலிமர் (சங்கிலி போல நீண்ட மூலக்கூறுகளால் ஆன பிளாஸ்டிக் போன்ற பொருள்) என்றால் கம்பிக்கு மேலே போடும் காப்பு என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். ஷிராகாவா, மக்டயர்மிட், ஹீகர் மூவரும் 1977இல் பாலிஅசிட்டிலீனை அயோடினால் பதப்படுத்தி உலோகம் போலக் கடத்த வைத்தார்கள். 2000இல் வேதியியல் நோபல் பரிசு. இந்த இனத்தில் தொட்டிக்கு வசதியானவை பாலிபிர்ரோலும் பாலிஅனிலினும்.

மாணவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். உலோகம் எதிர்மின்வாயில் படியும். இந்தப் பாலிமர் நேர்மின்வாயில் படியும். அனிலின் மூலக்கூறு எலக்ட்ரானை வாங்கிக்கொள்வதில்லை, இழக்கிறது. இழந்தபின் பக்கத்து மூலக்கூறோடு கை கோத்துச் சங்கிலியாகிறது. கம்பியை மாற்றிக் கொடுத்துவிட்டு ஒன்றும் படியவில்லை என்று வந்தவர்கள் என் கணக்கில் மூன்று பேர். நேர்மின்வாயாகச் செம்புத் தகட்டை வைத்தவர் இன்னொருவர். பாலிமர் படியுமுன் தகடே கரைந்துபோனது. கார்பனோ பிளாட்டினமோ துருப்பிடிக்காத எஃகோ வையுங்கள்.

மின்சாரம் இல்லாமலும் செய்யலாம். அமிலத்தில் கரைத்த அனிலினோடு அம்மோனியம் பெர்சல்ஃபேட்டைச் சேர்த்துக் காத்திருந்தால் முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு நீலம் படரும், பிறகு கரும்பச்சை. கண்ணாடிக் குவளையின் சுவரிலும் பச்சைப் படலம் ஒட்டியிருக்கும்; வேதிமுலாமின் தம்பி. ஒன்றை மறக்க வேண்டாம்: அனிலின் தோல் வழியாக உடம்புக்குள் போய் இரத்தத்தின் ஆக்ஸிஜன் ஏந்தும் திறனைக் கெடுக்கும். கையுறையும் புகைபோக்கியும் உள்ள ஆய்வுக்கூடத்தில் மட்டும் செய்யுங்கள்.

இரண்டாவது, கார் உடலுக்குப் பூசும் மின்வண்ணம். அங்கே பாலிமர் ஏற்கெனவே தயாராக, மின்னூட்டம் பெற்ற துகளாக நீரில் மிதக்கிறது. சில நூறு வோல்ட் கொடுத்தால் கார் உடலை நோக்கி ஓடிப் படியும். படிந்த இடம் மின்சாரத்தைத் தடுக்கும். உடனே மின்னோட்டம் இன்னும் பூசாத மூலைக்குத் திரும்பும். கதவின் உள்மடிப்பு வரை பூச்சு போவது அதனால்தான். பாலிபிர்ரோல் தான் கடத்துவதால் தடித்துக்கொண்டே போகிறது. மின்வண்ணமோ கடத்தாததால் தானே நின்றுவிடுகிறது. பிறகு 160 முதல் 180 டிகிரி அடுப்பில் வைத்து இறுக்குவார்கள்.

இந்தக் கடத்தும் பாலிமரால் பாயான் லெப்பாஸில் யாருக்கு என்ன பயன்?

1972இல் அங்கே சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்ததிலிருந்து பினாங்குக்கு மின்னணுவே சோறு போடுகிறது. சர்க்யூட் போர்டில் ஒரு பக்கச் செம்பையும் மறுபக்கச் செம்பையும் துளை வழியாக இணைக்க வேண்டும். துளையின் சுவரோ கண்ணாடியிழையும் எப்பாக்ஸிப் பிசினும், மின்சாரம் கடத்தாது. பழைய வழி, பல்லேடியம் விதைத்து, ஃபார்மால்டிஹைடு கலந்த கரைசலில் வேதிச்செம்பு ஏற்றுவது. அந்த வாசனை சட்டையிலேயே வீட்டுக்கு வரும். என் மனைவியைக் கேளுங்கள்.

மாற்று வழியில் துளையைப் பெர்மாங்கனேட்டில் முக்குவார்கள். சுவரில் மட்டும் மாங்கனீஸ் டைஆக்ஸைடு படியும். அடுத்த தொட்டியில் எடாட் என்ற மூலக்கூறும் அமிலமும். மாங்கனீஸ் டைஆக்ஸைடு அதனிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க, அங்கேயே பெடாட் என்ற கடத்தும் பாலிமர் உருவாகும். அதன்மேல் நேராக மின்செம்பு, துளைச்சுவரில் 20 முதல் 25 மைக்ரான். ஃபார்மால்டிஹைடும் இல்லை, பல்லேடியமும் இல்லை. பெடாடும் பாலிபிர்ரோலும் கணினி மதர்போர்டிலுள்ள திண்ம மின்தேக்கிகளுக்குள்ளும் இருக்கின்றன.

கவரிங் நகை ஏன் கறுக்கிறது? காது ஏன் அரிக்கிறது?

தங்கம் கறுப்பதில்லை. செம்புமேல் நேராக மெல்லிய தங்கம் பூசினால் செம்பு அணுக்கள் மெல்ல ஊடுருவி மேலே வந்து கறுக்கும். தடுக்க நடுவில் நிக்கல் போடுவார்கள். கறுப்பு நின்றது, அரிப்பு வந்தது: வியர்வையில் கரையும் நிக்கல் சிலருக்கு ஒவ்வாது. தங்கம் தேய்ந்த தோட்டைக் காதில் போடாதீர்கள்.

வெள்ளி முலாம் பூசிய விளக்கைத் தேய்த்துத் துலக்கலாமா?

ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் வெள்ளி துணியோடு போகும். பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, வெந்நீரும் ஆப்பசோடாவும் ஊற்றி, விளக்கு தாளைத் தொடும்படி வையுங்கள். கறுப்பு என்பது வெள்ளி சல்பைடு. அலுமினியம் எலக்ட்ரானைக் கொடுக்க, சல்பைடு மறுபடியும் வெள்ளியாகும். அழுகிய முட்டை வாடை வந்தால் வேலை நடக்கிறது என்று பொருள்.

வீட்டில் வெள்ளி, தங்க முலாம் போட இணையத்தில் சயனைடு உப்பு வாங்கலாமா?

கூடாது. அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயு. ஒருமுறை தவறினால் அடுத்த முறை கிடையாது.

கழிவு நீரை என்ன செய்கிறீர்கள்?

இதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்டால் எனக்கு மகிழ்ச்சி. பினாங்கின் குடிநீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து வருகிறது. மலேசியாவின் 2009 தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளின்படி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே வெளியேற்றும் நீரில் நிக்கல் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், மற்ற இடங்களில் 1.0. ஆறிணைதிறன் குரோமியத்துக்கு எங்கும் 0.05தான். குரோமியத்தை அமில நிலையில் மூவிணைதிறனுக்கு மாற்றி, காரம் சேர்த்துச் சேறாக இறக்குகிறோம். அந்தச் சேறு சட்டம் பட்டியலிட்ட கழிவு, அதன் குறியீடு எஸ்டபிள்யூ 204. 180 நாள் அல்லது 20 டன், எது முந்துகிறதோ அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது; உரிமம் பெற்றவர் வந்து எடுத்துப் போவார். எங்கள் விலை மற்ற இடத்தைவிட ஏன் கூடுதல் என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

பொருளைக் கொண்டுவருமுன் நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவரட்டுமா?

தயவுசெய்து வேண்டாம். மெருகுப் பசையில் மெழுகு இருக்கிறது. சித்திர வேலைப்பாட்டின் இடுக்கில் அது புகுந்தால் வெளியே எடுக்க எனக்கு அரை நாள். அழுக்கோடும் விபூதியோடும் எண்ணெய்ப் பிசுக்கோடும் அப்படியே கொண்டுவாருங்கள்.